கொட்டாரத்துத் தரை

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது பழைய அரண்மனைக்கு, சைக்கிளிலேயே போய்விட்டு வரலாம் என்று சின்ன மாமா சொன்னதும் எனக்கும் அத்தை மகனுக்கும் முதலில் நினைவுக்கு வந்தது ‘வருஷம் 16’ படம்தான். 1989இல் அந்தப் படம் வந்தது. நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அக்காமார் எல்லாரும், கார்த்திக்கும் குஷ்புவும் ஓடியாடின அந்தப் பெரிய வீடு நம்ம தக்கலைக் கொட்டாரம்தான் என்று எங்கள் இராஜாக்கமங்கலத்துத் தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். நாங்கள் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு வெறுமனே அலைந்துகொண்டிருந்த நேரம். சினிமா எடுத்த வீட்டைப் பார்க்க யாருக்குக் கசக்கும்?

மாமாவுக்கு சினிமா ஒரு பொருட்டே இல்லை. அவர் கொத்தனார். எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது வளைகுடாவிலிருந்து வந்த பணமெல்லாம் வீடாகிக்கொண்டிருந்தது. ஓலைப்புரையும் ஓட்டுவீடும் இருந்த இடத்தில் கான்கிரீட் எழும்பும். அப்படி ஒரு வீட்டு வேலை மாமாவின் பொறுப்பில் நடந்தது. வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். சுவர்ப் பூச்சு முடிந்து தரை போட வேண்டிய கட்டத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

“எல்லாவனும் மொசைக்குதான் போடுகான். எனக்கு கொட்டாரத்துத் தரை வேணும் வே. கறுப்பா, குனிஞ்சா மொகம் தெரியணும். ஒம்மால செய்ய முடியுமா?”

முடியாது என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். இத்தனைக்கும் தக்கலை வழியாக எத்தனையோ முறை போயிருந்தும் கொட்டாரத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. கட்டடம் கட்டுகிறவன் எவனும் அடுத்தவன் கட்டினதை டிக்கெட் எடுத்துப் பார்க்கமாட்டான் என்பார். ஆக, அந்தப் பயணம் எங்களுக்கு ஊர்சுற்றல், அவருக்கு வேலை.

மாமாவிடம் சொந்தமாக ஒரு ஹெர்குலிஸ் உண்டு. கேரியரில் சிமெண்ட் சாக்குக்குள் சுருட்டிய கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதை அவிழ்த்து வைக்கமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் வாடகை சைக்கிள். கடையில் மணிக்கணக்குக்குத்தான் விடுவார்கள். முழுநாளுக்கு வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து நிற்க வேண்டும். மாமா வந்து நின்றதும் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். “தக்கலை மேட்டுல செயின் கழண்டா எங்கிட்ட வந்து அழப்பிடாது, கேட்டியளா” என்று இரண்டு வண்டியைத் தள்ளிவிட்டார். எனக்கு வாய்த்ததில் சீட் உயரம். உட்கார்ந்தால் பாதம் எட்டாது. பெருவிரல் நுனியால் சவிட்ட வேண்டும்.

வெள்ளனே கிளம்பினோம். அம்மை வாட்டின வாழையிலையில் பொதிச்சோறு கட்டித் தந்திருந்தாள். தேங்காய்த் துவையல், பொரித்த நெத்தலிக் கருவாடு, ஓரமாக ஒரு மாங்காய்த் துண்டு. அந்த வாசனை மாமாவின் வண்டிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னே போனது.

குளச்சல் போகும் ரோட்டில் மேற்கே போகும்வரை சிரமமே இல்லை. சமதரை. இடது பக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டே கூட வரும். வாய்க்கால் கரைகளில் கதம்பை ஊறப்போட்ட குழிகள். அந்த நாற்றம் வெளியூர்க்காரனுக்குக் குமட்டும், எங்களுக்கு அது ஊர் வாசனை. அம்மாண்டிவிளையில் கடலை விட்டுப் பிரிந்து வெள்ளிச்சந்தை, அங்கிருந்து திங்கள்சந்தை. அதற்குள்ளாகவே நிலம் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். கடற்கரைப் பயல்களுக்கு மேடு பழக்கமில்லை. மாமா எழுந்து நின்று சவிட்டி ஏறிவிடுவார். நாங்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். அவர் மேட்டு உச்சியில் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இரணியலில் தறிச் சத்தம் கேட்டது. நெசவுக்குப் பேர்போன ஊர் அது. அங்கேயும் ஒரு பழைய கொட்டாரம் உண்டு, பத்மநாபபுரத்துக்கு முந்தின ராஜாக்கள் இருந்த இடம். நாங்கள் எட்டிப் பார்த்தபோது ஓடு சரிந்து, உத்தரத்தின் மேல் செடி முளைத்துக் கிடந்தது. உள்ளே ஒரு கல்கட்டில் இருப்பதாகவும், அதில் படுத்த ராஜா அப்படியே மறைந்துபோனதாகவும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அத்தை மகன் அந்தக் கட்டிலைப் பார்த்தே தீரணும் என்றான். மாமா விடவில்லை.

“போவாண்டாம், தலையில விழும். ஓடு மாத்த ஆள் இல்லாத வீட்ல மழைத்தண்ணி எறங்கும். தண்ணி எறங்கியாச்சுன்னா எந்தத் தேக்கும் நிக்காது மக்கா.”

தக்கலையில் ஆளுக்கொரு சாயாவும் ரசவடையும் சாப்பிட்டோம். அங்கிருந்து பத்மநாபபுரம் கொஞ்ச தூரம்தான். கருங்கல் கோட்டைச்சுவர் தெரிந்ததும், அதற்குப் பின்னால் வேளிமலை நீலமாக எழுந்து நின்றதும், வலித்த கால்களெல்லாம் சரியாகிவிட்டன. வாசலில் மலையாளத்தில் எழுதின பலகை. தமிழ்நாட்டுக்குள் இருக்கிற இந்த வீட்டைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது கொட்டாரம் மட்டும் கேரளத்தின் கையில் நின்றுவிட்டது. மாமா இதைச் சொன்னதும் அத்தை மகன் வாசற்படியின் இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்துக்கொண்டு, “மாமா, இப்பம் நான் ரெண்டு ஸ்டேட்டுலயும் நிக்கேன்” என்றான். அவனை இழுத்து உள்ளே விட வேண்டியிருந்தது.

செருப்பைக் கழற்றினோம். வெயில் ஏறின ரோட்டில் வந்த கால்கள் பூமுகத்துக் கல்தரையில் பட்டதும் ஒரு குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது. மேலே பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. மரக்கூரையில் தொண்ணூறு தாமரை, ஒன்றில் இருக்கிற வேலைப்பாடு இன்னொன்றில் இல்லை என்றார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கிற குதிரை விளக்கு. சீனக்காரர்கள் கொடுத்த நாற்காலி. வந்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, மாமா ஒருவர்தான் தலை குனிந்து நின்றார்.

குறுகலான மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு உட்கார்ந்து பேசின இடம். வெளியே சுட்டுப் பொசுக்குகிற வெயில். உள்ளே மங்கல். சாய்ந்த மரச்சட்டங்களுக்கு நடுவே பல நிறத்தில் அப்பிரகத் தகடு பதித்த ஜன்னல்கள். காக்காப்பொன் என்று நாங்கள் பொறுக்கி விளையாடுவோமே, அதுதான். அந்த வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. விழுந்து கிடந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. தரைக்குள்ளே இருந்தது. நான் குனிந்தேன். என் முகம், அதற்கு மேலே கூரையின் உத்தரம், அதற்கும் மேலே சிவப்பாக ஒரு ஜன்னல் துண்டு. காற்றில்லாத காலையில் குளத்துத் தண்ணீர் கிடக்குமே, அப்படிக் கிடந்தது அந்தக் கறுப்பு. காலை எடுத்து வைக்கப் பயமாக இருந்தது.

மாமா குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் உள்ளங்கையால் தடவவில்லை, புறங்கையால் தடவினார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்று பிறகு சொன்னார். நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தார். கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் பார்த்தார். பிறகு என் டவுசர் பையைக் காட்டி, “கோலிக்கா ஒண்ணு எடு” என்றார். கொடுத்தேன். தரையில் வைத்து விரலை எடுத்தார். கோலி ஒரு விரற்கடை உருண்டு, நின்றது. எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அங்கே அசையவே இல்லை. அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா சங்கடமா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

“அண்ணாச்சி, தொடாண்டாம்” என்று வழிகாட்டி ஓடி வந்தார். கொத்தனார் என்று தெரிந்ததும் சாந்தமாகி, எல்லாரிடமும் சொல்கிற பாட்டை எடுத்துவிட்டார். சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, மணல், சில பச்சிலைச் சாறு, இவ்வளவுதான் கூட்டு.

“செரி அண்ணாச்சி. சிரட்டை எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு?”

தெரியாது.

“போட்ட பொறவு எத்தன நாளு தேச்சாவ? எதை வச்சுத் தேச்சாவ? கல்லா, மரமா, கையா?”

அதுவும் தெரியாது. அவருடைய வேலை அதுவல்ல என்பது மாமாவுக்கும் தெரியும். எங்களிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “சாமான் கணக்கு எல்லாருக்கும் தெரியும் மக்கா. கைக்கணக்குதான் ஒருத்தனுக்கும் தெரியாது.”

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வேகமாக ஓடியது. அமுதூட்டு நடந்த ஊட்டுப்புரை, இரண்டு தட்டிலுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். அங்கே ஆளுயரச் சீனச் சாடிகளைப் பார்த்து அத்தை மகன், இதில் எத்தனை மாங்காய் ஊறும் என்று கணக்குப் போட்டான். 64 வகை மூலிகை மரத்தில் செய்து டச்சுக்காரர்கள் கொடுத்த கட்டில். படைக்கு ஆள் எடுக்கும்போது தலைக்கு மேல் நூற்றியொரு முறை தூக்கச் சொன்ன உருண்டைக் கல். எங்களால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருந்த மணிமாளிகைக் கடிகாரம். ‘வருஷம் 16’ எடுத்த இடம் எது என்று தேடின தேட்டத்தில் பாதி இடத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணில் செதுக்கின பூவேலையை எனக்குக் காட்டினது மாமாதான்.

ஆனால் நவராத்திரி மண்டபத்தில் மறுபடியும் நின்றுவிட்டார். அது கல்மண்டபம். தூண்களில் விளக்கேந்திய பாவைகள். கீழே அதே கறுப்பு. தூண்கள் பாதாளம்வரை இறங்கிப்போவது தெரிந்தது. ஒரு பக்கம் மர அழி போட்ட மறைப்பு, அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் இருந்து நாட்டியம் பார்ப்பார்களாம். பக்கத்தில் சரஸ்வதி கோயில். தலைநகரம் 1795இல் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் விடாமல், ஒவ்வொரு நவராத்திரிக்கும் இந்தச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள்.

இந்தக் கொட்டாரம் 1601இல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் கட்டத் தொடங்கினது என்கிறார்கள். அப்போது இடத்தின் பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா இதைப் பெரிதாக எடுத்துக் கட்டினார். 1750இல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்தார். ஊரின் புதுப்பெயரும் அந்தச் சாமியின் பெயரால் வந்ததுதான். அவருக்குப் பின் அரை நூற்றாண்டுகூட ராஜாக்கள் இங்கே இருக்கவில்லை. அது நல்லதற்குத்தான் என்பது என் எண்ணம். தொடர்ந்து இருந்திருந்தால் எவராவது ஒரு ராஜா பழசு அலுத்துப்போய் இந்தத் தரைக்கு மேலே இத்தாலியப் பளிங்கு போட்டிருப்பார்.

இத்தாலி என்றதும் சொல்ல வேண்டும். வெகுகாலம் கழித்து, சிசிலித் தீவில் பியாத்சா ஆர்மெரீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரோமானிய மாளிகையின் படங்களைப் பார்த்தேன். நாலாம் நூற்றாண்டுக் கட்டடம். மலைச்சரிவு மண் மூடிப் பல நூற்றாண்டு கிடந்ததால் தரை அப்படியே பிழைத்திருக்கிறது. ஏறக்குறைய 3500 சதுர மீட்டர், முழுக்கப் பொடிக்கற்கள் பதித்த சித்திரம். அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைக்கூடம்; அதில் வேட்டை. சிறுத்தையையும் யானையையும் பிடித்துக் கட்டி, ரோமாபுரி விளையாட்டரங்கங்களுக்காகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஒரு கோடியில் யானைக்கும் புலிக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் இந்தியா என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. 1997இல் யுனெஸ்கோ அந்த மாளிகையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நம்முடையது 2014இல் உத்தேசப் பட்டியலில் ஏறியது. ரோமானியன் தரையில் உலகத்தையே வரைந்து வைத்தான். நம்மவன் ஒரு கோடுகூடப் போடவில்லை, நிற்கிறவன் முகத்தைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டான். எது பெரிது என்று என்னைக் கேட்டால் நான் எங்கள் ஊர்ப் பக்கம்தான் சாய்வேன். பொடிக்கல் பதித்த தரையில் செய்முறை கண்ணுக்குத் தெரிகிறது, பொறுமை இருந்தால் இன்னொருவன் செய்துவிடலாம். இதில் செய்தவன் தடயமே வைக்கவில்லை.

அன்று திரும்பும்போது வந்த வழியில் வரவில்லை. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் மரநிழலில் பொதிச்சோற்றை அவிழ்த்தோம். 1741இல் எங்கள் கடற்கரையோரம்தானே குளச்சலில் டச்சுப்படை தோற்றது. அங்கே பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். மாமா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அந்தக் கல்லறைச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் புறங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு நாகர்கோவில் சுற்றி, இருட்டுகிற நேரத்துக்கு வீடு. இறங்கினபோது என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமாக இல்லை.

மறுநாளே மாமா வீட்டுக்குப் பின்னால் வேலை தொடங்கிவிட்டார். நாங்கள் ஊரெல்லாம் அலைந்து சிரட்டை பொறுக்கினோம். மூட்டம் போட்டுச் சுட்டு, உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்து எடுத்த கரி மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போய் நாங்கள் துப்பினாலும் கறுப்பாக வந்தது. கடல் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பை ஊறப்போட்டுக் குழைத்து வைத்தார். முட்டைதான் சிக்கல். கோழி இட்டதையெல்லாம் மாமா எடுத்துக்கொண்டதில் மாமி கொதித்துப்போய், “பிள்ளையளுக்கு ஒரு முட்டை கிடையாது, தரைக்கு முட்டையா?” என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள். மஞ்சள் கருவை மட்டும் வறுத்துக் கொடுத்துச் சமாளித்தார். நாலு முழத்துக்கு நாலு முழம் தளம். அதைத் தினமும் சாயந்தரம் உருண்டைக் கல்லால் தேய்ப்பார், நாங்களும் முறை வைத்துத் தேய்ப்போம். தென்மேற்குப் பருவமழை வந்தபோது அதில் வெடிப்பு விட்டது. ஒரு மூலை மட்டும், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நனையாமல் இருந்த உள்ளங்கை அகலம், நல்ல கறுப்பில் மினுங்கியது. மாமா அதை வெட்டியெடுத்துச் சன்னலில் வைத்திருந்தார்.

மஸ்கட்காரருக்கு லீவு முடிகிற அவசரம். மாமா போய்க் கைவிரித்தார். வெள்ளைச் சிமெண்டும் பளிங்குச் சில்லும் போட்டு மிஷின் வைத்து உரைத்து மொசைக் தரையே போட்டார்கள். பத்து வருஷத்துக்குள் அதற்கு மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது அதற்கும் மேலே வேறு என்னவோ.

மாமா தன் வீட்டுப் படிப்புரைக்குச் சிமெண்டில் கறுப்பு ஆக்சைடு கலந்து போட்டுக்கொண்டார். கொட்டாரத்துத் தரைக்கு அது எந்த வகையிலும் ஈடில்லை, அவரே அதைத்தான் முதலில் சொல்வார். ஆனாலும் மாமி விசேஷ நாட்களில் அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாள். இன்றுவரை ஒரு கீறல் இல்லை, மதியத்தில் வெறும் தரையில் படுத்தால் மின்விசிறி வேண்டாம்.

உங்கள் பூட்டன் வீட்டில் அப்படி ஒரு சிவப்புத் தரையோ கறுப்புத் தரையோ இருந்தால், டைல்ஸ்காரரைக் கூப்பிடுமுன் ஒரு முறை ஈரத்துணியும் எண்ணெயும் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பத்மநாபபுரம் போகிறவர்கள் மந்திரசாலையில் கொஞ்சம் கீழே பார்த்து நில்லுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று கொட்டாரம் பூட்டியிருக்கும்.